பட்டினி போடாமல் பிள்ளையை வாட வைப்பது எப்படி?

முதலில் ஒரு பழைய எண்ணத்தைத் தலைமுழுகுங்கள். சத்துக்குறைவு என்றதும் சோறில்லாத வீடு, எலும்பு துருத்திய நெஞ்சு, பஞ்சகாலத்துப் புகைப்படம் என்றெல்லாம் உங்களுக்கு ஞாபகம் வரும். அது பாட்டன் காலத்து முறை. ஊர் பார்க்கும், பேப்பரில் போடுவார்கள். 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் தமிழ்நாட்டில் அதற்கு வழியும் இல்லை. இங்கே சொல்லித்தரப் போவது நாசூக்கான முறை. பிள்ளை மூன்று வேளையும் சாப்பிடும். நடுநடுவே கொறிக்கும். வயிறு கும்மென்று இருக்கும். உடம்பில் மட்டும் ஒன்றும் ஒட்டாது.

பயப்படாதீர்கள், நம்மால் முடியுமா என்று யோசிக்கவே வேண்டாம். 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 100-க்கு சுமார் 11 பேருக்குத்தான் போதுமான உணவு கிடைக்கிறது. மற்ற 89 பேர் நம் பக்கம். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 100-க்கு 57 குழந்தைகளுக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் அது 51. வளர்ந்துகொண்டுதான் இருக்கிறோம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரே ஒரு அளவை மனதில் பதியுங்கள். பிள்ளையின் வயிறு கிலோவுக்கு 30 மில்லி பிடிக்கும். எட்டு கிலோ பிள்ளைக்கு 240 மில்லி, அதாவது ஒரு பெரிய டம்ளர். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தாய்ப்பால் போக, சாப்பாட்டிலிருந்து மட்டும் நாளொன்றுக்கு சுமார் 550 கலோரி வேண்டும். இவ்வளவையும் அந்த டம்ளருக்குள், நாலைந்து தடவையாக அடைக்க வேண்டும் என்பது டாக்டர்களின் கவலை. சோறு வருவதற்குள் அந்த டம்ளரை வேறு எதையாவது கொண்டு நிரப்பிவிடுவது நம் வேலை. அவ்வளவுதான் ரகசியம். மற்றதெல்லாம் செய்முறை.

1. ஆறு மாதம் என்ற தேதியை மட்டும் எப்படியாவது தவறவிடுங்கள். முன்னால் போனாலும் சரி, பின்னால் போனாலும் சரி. பிறந்த அன்றே சேனை தொட்டு வைத்த வீடுகள் ஏற்கெனவே முன்னிலையில் இருக்கின்றன, அவர்களுக்குத் தனிப் பாராட்டு. மற்றவர்கள் "பல்லு முளைக்கட்டும்", "குலதெய்வம் கோயிலுக்குப் போய் முதல் சோறு ஊட்டணும், மாமா லீவு கிடைச்சதும் போலாம்" என்று பத்தாம் மாதம் வரை இழுக்கலாம். வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்புச்சத்தின் சேமிப்பு ஆறாம் மாதத்தோடு ஏறக்குறைய தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் வேறு எவ்வளவோ நல்லது இருந்தாலும் இரும்பு மிகக் குறைவு. மாமாவுக்கு லீவு கிடைக்கும்வரை சும்மா இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

2. நீர்க்கச் செய்யுங்கள். இது கொஞ்சம் கைப்பக்குவம் வேண்டிய இடம், கவனமாகக் கேளுங்கள். குக்கரைத் திறந்ததும் பருப்பைக் கலக்கிவிடாதீர்கள். அப்படியே ஐந்து நிமிடம் வையுங்கள். பருப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சளாக, தெளிவாக ஒரு தண்ணீர் நிற்கும். கரண்டியை மேலாக ஓட்டி அதை மட்டும் கிண்ணத்தில் எடுங்கள். அதுதான் பிள்ளைக்கு. அதற்குப் பருப்புத் தண்ணி என்று பெயர் வைத்திருப்பதால் பருப்பு கொடுத்த திருப்தி உங்களுக்குக் கிடைக்கும். அடியில் இருக்கும் பருப்பு சாம்பாராகிப் பெரியவர்களிடம் வந்து சேரும்.

சோற்றையும் இதே கணக்கில் கரையுங்கள். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிய வேண்டும். வழியாமல் நின்றால் அது சத்துள்ள பதம் என்று கிராம செவிலியர் சொல்லுவார், ஆகவே இன்னும் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றுங்கள். ரசம் ஊற்றினால் இன்னும் விசேஷம். எண்ணெயோ நெய்யோ ஒரு சொட்டும் விடாதீர்கள், சளி பிடிக்கும். ஒரு கரண்டி எண்ணெய் அந்தச் சின்ன வயிற்றில் இடத்தை அடைக்காமலே கலோரியைக் கூட்டிவிடும். நமக்கு அது ஆகாது.

இட்லி கொடுப்பவர்கள் சர்க்கரையைத் தொட்டுக் கொடுங்கள். சாம்பார் காரம்.

3. முட்டையைத் தள்ளிப்போடுங்கள். கொடுக்க மாட்டேன் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது, அது அறியாமை என்பார்கள். "கொடுக்கணும், நாளைக்கு" என்று சொல்லுங்கள். பிறகு காலண்டரைப் பாருங்கள். செவ்வாய், வெள்ளி கழிந்தது. பெருமாள் வீடென்றால் சனியும். அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை. புரட்டாசி முழுக்க. பெரியவர் மாலை போட்டிருந்தால் கார்த்திகையும் மார்கழியும். சித்திரை, வைகாசி வெயில், முட்டை சூடு. ஐப்பசி மழை, செரிக்காது, மாந்தம். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட வாரம் வேண்டாம். அம்மை வந்த தெருவென்றால் பேச்சே இல்லை. மிச்சமிருக்கும் நாட்களில் கடையில் முட்டை தீர்ந்திருக்கும்.

கறி எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் உஷாராக இருங்கள். ரத்தம் ஊறும் என்று ஆட்டு ஈரலையும் சுவரொட்டியையும் சுட்டு மசித்துப் பிள்ளைக்கு ஊட்டிய கிழவிகள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் ஞாயிறு காலையில் அவரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுவரொட்டி உழைக்கிற மனுஷனுக்கு. துண்டு பள்ளிக்கூடம் போகிற பெரியவனுக்கு. பிள்ளைக்குக் குழம்பில் தொட்டும் தொடாமலும் பிசைந்த சோறு. கறிச்சோறு சாப்பிட்டான் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

நெத்திலிக் கருவாடு, கொல்லை முருங்கைக்கீரை இரண்டையும் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மலிவான பொருளை ஞாபகப்படுத்துவது நம் வழக்கம் இல்லை.

4. பாலை ஊற்றுங்கள். தாய்ப்பாலைச் சொல்லவில்லை, பாக்கெட் பால். பால் நல்லதுதானே என்று யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்பதே இதன் சிறப்பு. காலையில் ஒரு பாட்டில், பத்து மணிக்கு ஒன்று, தூங்கும்போது ஒன்று, தூக்கத்தில் சிணுங்கினால் இன்னொன்று. மாட்டுப் பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். கூடவே, அளவுக்கு மீறிப் போகும் பால் மற்ற சாப்பாட்டுக்குப் பசியே வைக்காது. பிள்ளை பார்க்கக் கொழுகொழுவென்று, உள்ளே வெளுத்துப்போய் இருக்கும். இமையைக் கீழே இழுத்துப் பார்க்காதவரை யாருக்கும் தெரியாது.

பாலுக்கு வசதி இல்லையா? கவலை வேண்டாம், டீ இருக்கிறது. தூக்குச்சட்டியில் பார்சல் டீ வாங்கி வாருங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட்டை முக்குங்கள். எண்ணி மூன்று நொடி. நாலாவது நொடியில் பிஸ்கட் உடைந்து உள்ளே விழும், விழுந்தால் கவலையில்லை, ஸ்பூனால் வழித்து ஊட்டலாம். டீயிலுள்ள டானின் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். பசியும் அடங்கும், இரும்பும் சேராது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

5. பெட்டிக்கடைக்கு வாருங்கள். இதுவரை சொன்னதெல்லாம் ஒத்திகை.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைமுன் நில்லுங்கள். என்ன தெரிகிறது? உங்கள் கண்ணுக்குக் கடைக்காரர். பிள்ளையின் கண்ணுக்கு நேரே சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள். சிவப்பு, மஞ்சள், பளபளப்பு. பிள்ளை கையை நீட்டும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கடைக்காரர் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "விடுங்கக்கா, அஞ்சு ரூபாதானே" என்பார்.

இந்த ஐந்து ரூபாயின் அருமையை யாரும் சரியாகப் பாராட்டியதில்லை. முட்டை ஆறு ஏழு ரூபாய். அதை வாங்க வேண்டும், உடையாமல் கொண்டுவர வேண்டும், அடுப்பு பற்றவைக்க வேண்டும், உரிக்க வேண்டும், மஞ்சள் கரு தொண்டையில் அடைக்காமல் தண்ணீர் வைத்து ஊட்ட வேண்டும். பாக்கெட்டுக்குப் பல்லால் ஒரு இழுப்பு போதும். எண்ணெய் விலை ஏறட்டும், உருளைக்கிழங்கு விலை ஏறட்டும், அந்த ஐந்து ரூபாய் ஏறாது. உள்ளே எடைதான் இறங்கும். நாலு துண்டும் நிறையக் காற்றும். ஏழைகள் மீது இவ்வளவு கரிசனம் வைத்து விலையைக் கட்டிப்பிடித்திருக்கும் பண்டம் வேறு எது? பருப்பா? பாலா?

நேரம் முக்கியம். மதியச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம் முன்பு பாக்கெட்டைக் கொடுங்கள். சோறு வரும்போது வாயை இறுக மூடிக்கொள்ளும். உடனே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, "எதைக் குடுத்தாலும் சாப்பிட மாட்டேங்குதுங்க, என்ன பண்றதுன்னே தெரியல" என்று சொல்லுங்கள். நாக்கு ஆரஞ்சு நிறமாக இருப்பதை அப்போது யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வேலைக்குப் போய்த் திரும்பும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பகலெல்லாம் பார்க்காத பிள்ளை ஓடி வந்து சட்டைப்பையைத் துழாவும். அதில் வாழைப்பழம் இருந்தால் அதன் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த முகத்தை யாரால் தாங்க முடியும்? பாக்கெட்டையே வாங்கி வாருங்கள். இதற்கு மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை.

இடையில் ஒரு தடை வந்தது: 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் இருக்கிறது என்று தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டார்கள். இளஞ்சிவப்பு ஒன்று போனால் என்ன, சரத்தில் மற்ற நிறமெல்லாம் பத்திரமாகத் தொங்குகிறது.

6. "நாங்கள் பெட்டிக்கடையில் வாங்குவதில்லை" என்று உதட்டைச் சுழிக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் இடம் உண்டு, வாருங்கள். உங்களுக்கு டப்பா. விலை நூறு மடங்கு, தத்துவம் அதே. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு, இந்தியாவில் அப்போது விற்ற செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது, ஐரோப்பாவில் விற்பதில் சேர்ப்பதில்லை என்று வெளியிட்டது. நம் பிள்ளைகளுக்கு இனிப்பு பிடிக்கும் என்பது அவ்வளவு தூரம் தெரிந்திருக்கிறது, பெருமைப்படுங்கள். அதே மாதம் போர்ன்விட்டா போன்றவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்காதீர்கள் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்குச் சொன்னது. தலைப்புதான் போனது, பொடி அப்படியே இருக்கிறது. பாலில் மூன்று ஸ்பூன் போடுங்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான டப்பா உணவை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. அதனால் விளம்பரத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும். காலி டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவி, அதில் கடுகு போட்டு, வேலைக்கு வரும் அக்காவின் கண்ணில் படுகிற மாதிரி அலமாரியில் வையுங்கள். அவர் வீட்டிலும் ஒன்றரை வயசில் பேரப்பிள்ளை இருக்கிறது.

7. செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஊட்டுங்கள். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய காலத்தில் பிள்ளை நிலாவையும் பார்த்தது, உங்களையும் பார்த்தது, போதும் என்று தலையையும் திருப்பியது. பாட்டு ஓடும்போது திறந்த வாய் மூடாது. என்ன தின்கிறோம், எவ்வளவு தின்கிறோம் என்பது அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

8. அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்காமல் விடாதீர்கள், பேர் அடித்துவிடுவார்கள். வாங்கி வந்து அடை தட்டுங்கள். ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கொன்று, பிள்ளைக்குக் கடைசி அடையின் மொறுமொறு ஓரம். மீந்தால் மாட்டுக்கு. எடை போடக் கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள். "பச்சப்பிள்ளைய தராசுல வச்சா கண்ணு பட்டுரும் டீச்சர்" என்று சொன்னால் அவரும் வற்புறுத்த மாட்டார், ஏனென்றால் அவர் வீட்டிலும் அப்படித்தான்.

இந்த இடத்தில் அதிகாரிகளும் திட்டம் போடுகிறவர்களும் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளலாம். தாய்மாரைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் உங்களுக்குத் தனிப்பாடம்.

2 வயது முடிந்த பிள்ளைக்கு மையத்தில் மதியச் சாப்பாடும் வாரம் 3 முட்டையும் கிடைக்கிறது. அதற்கு முந்தைய ஒன்றரை வருஷத்தில்தான் பிள்ளையின் உயரத்தில் விழும் குறை பெரும்பாலும் விழுந்து முடிகிறது. அப்போது பெரும்பாலும் வீட்டுக்குப் போகும் பொட்டலத்தை நம்பிவிடுங்கள். பொட்டலம் யார் வயிற்றுக்குப் போகிறது என்று போய்ப் பார்க்காதீர்கள். 1980-ல் உலக வங்கிக் கடனில் நம் மாநிலத்தில் ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளையைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். அம்மாவைக் கூப்பிட்டு அந்த எடைக்கோட்டைக் காட்டிப் பேசினார்கள். இந்த மாதிரி பழைய கோப்புகளை யாரும் தூசு தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடையைப் பதிவேட்டில் ஏற்றுங்கள், செயலியிலும் ஏற்றுங்கள், பிறகு மூடிவிடுங்கள். கோடு இறங்குவதை அம்மாவுக்குக் காட்டினால்தான் வம்பு.

விழிப்புணர்வுக் கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வையுங்கள், அவள் நூறுநாள் வேலையில் இருப்பாள், இல்லையென்றால் பனியன் கம்பெனியில். தப்பித்தவறி வந்துவிட்டால் ஆப்பிளும் பாதாமும் அச்சடித்த வண்ணப் படத்தைக் கையில் கொடுங்கள். ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், முட்டை கிடையாது. அதைப் பற்றி அவள் கேட்டால், "தாய்மார்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். காலை ஏழு மணி கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவள் ஒரு நாளில் ஐந்து தடவை எப்போது ஊட்டுவாள் என்ற கேள்வி உங்கள் துறையின் கீழ் வராது.

9. இவ்வளவும் செய்தபின் பிள்ளை குள்ளமாக நிற்கும். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் "அவங்கப்பன் மாதிரி, எங்க வம்சமே குட்டை" என்று முடித்துக்கொள்ளலாம். படித்தவர்களுக்கு இன்னும் கௌரவமான பதில் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், லேசாக வளர்ச்சி குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் உருவில்தான் சிறியவர்கள், ஆரோக்கியத்தில் குறைவில்லை என்று ஒரு கருத்தை எடுத்துவிட்டார். சர்க்காருக்கு இதைவிட மலிவான மருந்து கிடைக்குமா? சேலத்தில் பிறந்த நம் ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன்தான் விடாமல் எதிர்த்துக் கெடுத்தார். உடம்பு சிறுத்தது பிள்ளையின் தகவமைப்பு அல்ல, பற்றாக்குறையின் தழும்பு என்பது அவர் கட்சி.

யாராவது 2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலைக் கொண்டுவந்து நீட்டினால், "அது வெள்ளைக்காரப் பிள்ளைக்கு" என்று சொல்லுங்கள். அந்த அளவுகோலுக்காக அளந்த ஆறு நாட்டுப் பிள்ளைகளில் டெல்லிப் பிள்ளைகளும் உண்டு, வசதியாகச் சாப்பிட்டு வளர்ந்த அவர்கள் நார்வே பிள்ளைகளோடு ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றார்கள் என்பது எதிராளிக்குத் தெரியாமலிருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.

10. கடைசிப் பாடம், கணக்கெடுப்பு. ஒருநாள் ஒரு பெண் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "நேத்துப் பகல்லயும் ராத்திரியும் பிள்ளை என்னென்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்பார். எட்டு வகை உணவில் குறைந்தது ஐந்து வகை உள்ளே போயிருக்கிறதா என்பது உலகக் கணக்கு. பதறாதீர்கள். பிள்ளையின் வாய்க்குள் போனதைச் சொல்லாதீர்கள், அடுப்பில் ஏறியதைச் சொல்லுங்கள். கீரை? வீட்டில் வைத்தோம். பருப்பு? குக்கரில் இருந்தது. முட்டை? பெரியவன் சாப்பிட்டபோது இவனும் பக்கத்தில்தான் இருந்தான்.

தானியம் என்ற கேள்வி வரும்போது தைரியமாக நிமிர்ந்து உட்காருங்கள். ஐந்தாவது கணக்கெடுப்பின் கேள்வித்தாளில் சப்பாத்தி, சோறு, நூடுல்ஸ், இட்லியோடு பிஸ்கட்டும் ஒரே கேள்வியில்தான் இருக்கிறது. காலையில் டீயில் முக்கிய அந்த ஒன்றைத் தவிர பிள்ளை வேறு எதையும் தொடாவிட்டாலும் 'ஆம்' என்றுதான் விழும். எழுதி முடித்ததும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு டீ போட்டுக் கொடுத்து, பக்கத்தில் இரண்டு பிஸ்கட் வையுங்கள். காலையில் கிளம்பி வந்தவர், இதுவரை ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்.